உம்கோமாஸ் ஆறும் சட்டமும்: நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், டர்பனுக்குத் தெற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தள்ளி உம்கோமாஸ் ஆறு கடலில் கலக்கிறது. ஜூலு மக்கள் உம்கோமாசி என்பார்கள். ஆற்றின் மேல்பகுதியில் பெரிய அணை வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததிலிருந்து கோயில் கூட்டத்திலும் கல்யாண வீட்டிலும் இங்குள்ள நம் தமிழர்கள் என்னிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். நான் வக்கீல் இல்லை, ஓய்வு பெற்ற ஆசிரியை. இந்த ஆற்றங்கரையில் வளர்ந்தவள் என்பதால் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். ஆங்கிலத்தில் wild river என்பதைப் பேச்சில் நான் காட்டாறு என்று சொல்வதுண்டு. முதல் கேள்வி அதைப் பற்றித்தான்.

காட்டாறு என்கிறீர்களே, நம் ஊர் வழக்கில் அது வேறு பொருள் அல்லவா?

ஆமாம். தமிழில் காட்டாறு என்றால் மழை பெய்ததும் பெருகி வந்து, அப்புறம் வற்றிப்போகிற ஆறு. இங்கே பேசுவது அதைப் பற்றி இல்லை. தோன்றும் இடத்திலிருந்து கடல்வரை, அல்லது இன்னொரு பெரிய ஆற்றில் சேரும்வரை, அணை எதுவும் மறிக்காமல் தன் போக்கில் ஓடும் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் "தடைபடாத ஆறு" என்றே எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவின் நன்னீர் நிலைகளை ஆய்ந்து 2011-இல் தேசிய அளவில் வரைபடம் வெளியிட்டார்கள். அதன்படி நாடு முழுவதும் இப்படிப்பட்ட ஆறுகள் 62 மட்டுமே மிச்சம். அந்த வரைபடம் சட்டம் இல்லை. ஆனால் அனுமதி கேட்டு வருகிறவர்களும் அனுமதி தருகிறவர்களும் அதைப் புரட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

உம்கோமாஸ் ஆற்றுக்கு அப்படி என்ன தனிச்சிறப்பு?

உகாலாம்பா என்னும் டிராகன்ஸ்பர்க் மலையில், 3,000 மீட்டர் உயரத்தில் அது பிறக்கிறது. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஓடி வருகிறது. அவ்வளவு தூரத்திலும் அதன் முக்கிய ஓட்டத்தின் குறுக்கே இன்றுவரை பெரிய அணை இல்லை. பக்கத்து உம்கேனி ஆற்றைப் பாருங்கள்: நேகிள், மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், இனாண்டா என்று நான்கு பெரிய அணைகள். அதோடு ஒப்பிட்டால்தான் உம்கோமாசின் அருமை தெரியும்.

ஜூலு மொழியில் அந்தப் பெயருக்குத் தாய்த் திமிங்கிலங்களின் இடம் என்று பொருள் சொல்கிறார்கள். திமிங்கிலங்கள் முகத்துவாரத்துக்கு வந்து குட்டி போட்டதைப் பார்த்து ஷாகா மன்னர் வைத்த பெயர் என்பது வழிவழியாக வரும் கதை. கரைக்கு அப்பால் சில கிலோமீட்டரில் அலிவால் பாறைத்திட்டு இருக்கிறது. அது பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி. ஆறு கொண்டுவரும் மணலும் வண்டலும் அந்தக் கடலுக்கும் தென்கரைக் கடற்கரைகளுக்கும் போய்ச் சேர்கின்றன.

மேல்பகுதியில் மூடுபனிப் புல்வெளிகள். நீலத் தகைவிலான் குருவி அங்கே கூடு கட்டுகிறது. உலக அளவிலேயே அருகி வரும் பறவை அது.

இது ஜூலு மக்களின் ஆறு. நமக்கு இதில் என்ன உரிமை?

முதல் உரிமை அவர்களுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்களுக்கும் முன்பே சான் மக்கள் அந்த மலைக் குகைகளில் ஓவியம் தீட்டி வாழ்ந்தார்கள். ஆனால் பண்பாட்டு மதிப்பு என்பது ஒருவருக்குப் பட்டா போட்டுக் கொடுப்பது இல்லை. ஒரே கரையில் பல பேருடைய நினைவு சேர்ந்து கிடக்கலாம்.

1860 நவம்பர் 16-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்தது. அதிலும் அடுத்தடுத்த கப்பல்களிலும் வந்தவர்கள் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். தெய்வத்தை எங்கே வைத்தார்கள்? ஆற்றங்கரையில். காவடிக்கு முன்னால் நீராட ஆறு வேண்டும், கரகம் எடுக்க ஆறு வேண்டும், அஸ்தி கரைக்க ஆறு வேண்டும். டர்பனில் உம்பிலோ ஆற்றங்கரையில் 1875-இல் எழுந்த கோயில் 1905 வெள்ளத்தில் போய்விட்டது. அதன் கதவுகளைக் காப்பாற்றி வைத்து, கேட்டோ மேனரில் 1947-இல் கட்டிய அம்பலவாணர் ஆலயத்தில் பொருத்தினார்கள். 1980-இல் அந்த ஆலயம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

1917 அக்டோபரில் உம்கேனி பெருக்கெடுத்தபோது கரையோரம் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக அடித்துச் செல்லப்பட்டார்கள். மாரிமுத்து படவட்டானும் அவரோடு ஐந்து பேரும் படகு செலுத்தி 176 பேரைக் கரை சேர்த்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். ஆறு நமக்குக் கொடுத்ததும் உண்டு, எடுத்துக்கொண்டதும் உண்டு. அந்த உறவைத்தான் சட்டம் பண்பாட்டு மதிப்பு என்கிறது.

இந்த மாதிரி ஆறுகளைக் காக்கத் தனிச் சட்டம் இருக்கிறதா?

இல்லை. அமெரிக்காவில் 1968-லேயே தடைபடாத ஆறுகளுக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். பட்டியலில் சேர்ந்த ஆற்றுப்பகுதியில் அணைக்கு அனுமதி கிடையாது. தென்னாப்பிரிக்காவில் அப்படி ஒரே குடை இல்லை. நீருக்கு ஒரு சட்டம், கரைக்கு ஒன்று, முகத்துவாரத்துக்கு ஒன்று, மரபுச் செல்வத்துக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் அரசியல் சட்டத்தின் 24-ஆம் பிரிவு நிற்கிறது: உடல்நலத்துக்கும் நல்வாழ்வுக்கும் தீங்கில்லாத சுற்றுச்சூழல் ஒவ்வொருவருக்கும் உரிமை, இன்றைய தலைமுறைக்கும் இனி வரும் தலைமுறைக்கும் அதைக் காக்க வேண்டும்.

இதில் ஒரு தொல்லை இருக்கிறது. ஒவ்வொரு சட்டத்தையும் வேறு வேறு அலுவலகம் பார்க்கிறது. நீர்த் துறைக்குப் போனால் அது மரபுத் துறை விஷயம் என்பார்கள். ஆகவே எந்தச் சட்டம் எதைக் காக்கிறது என்று நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஆறு பிறக்கும் மலைப்பகுதி பாதுகாப்பாக இருக்கிறதா?

அங்கேதான் பாதுகாப்பு மிக உறுதி. உகாலாம்பா டிராகன்ஸ்பர்க் பூங்காவை யுனெஸ்கோ 2000-இல் உலக மரபுச் செல்வமாக ஏற்றது, இயற்கை, பண்பாடு என்ற இரண்டு காரணங்களுக்காகவும். 2013-இல் லெசோத்தோவின் செக்லபதேபே பூங்காவும் அதோடு சேர்ந்தது. பூங்காவின் ஈரநிலங்கள் 1997-லேயே உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றவை. ஒரு பகுதிக்கு உம்கோமாசி வனப்பகுதி என்றே பெயர். 1999-இன் 49-ஆம் எண் சட்டம் உலக மரபுச் செல்வ ஒப்பந்தத்தை நாட்டுச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. ஆனால் பூங்காவின் எல்லையைத் தாண்டியதும் ஆறு பண்ணைகளுக்கும் மரத்தோட்டங்களுக்கும் நடுவே வந்துவிடுகிறது.

எல்லைக்கு வெளியே?

அங்கே 1998-இன் தேசிய நீர்ச் சட்டம் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் நிலம் யாருடையதோ நீரும் பெரும்பாலும் அவருடையது. நிறவெறி ஆட்சியில் நிலம் யாரிடம் இருந்தது என்று நமக்குத் தெரியும். புதிய சட்டம் நீரின் தனியுடைமையை ஒழித்தது. நாட்டு நீர் முழுவதற்கும் மக்கள் சார்பில் அரசு அறங்காவலர், அவ்வளவுதான். கோயில் தர்மகர்த்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். சொத்து அவருடையது இல்லை, காப்பது மட்டுமே அவர் வேலை.

அந்தச் சட்டத்தில் ரிசர்வ் என்று ஒன்று உண்டு. ஒரு ஆற்றின் நீரை ஆலைக்கோ வயலுக்கோ பங்கு போடுவதற்கு முன்னால் இரண்டு பங்கை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். ஒன்று, மக்களின் அடிப்படைத் தேவைக்கு. மற்றது ஆற்றுக்கே. ஆம், ஆற்றில் வாழும் உயிர்களுக்கு எவ்வளவு நீர், எவ்வளவு சுத்தமாக வேண்டுமோ அது. பாக்கியிருப்பதைத்தான் உரிமம் வாங்கி எடுக்க முடியும். சோற்றில் காக்கைக்கு முதல் பிடி எடுத்து வைக்கிற நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

அடுத்து, ஒவ்வொரு ஆற்றுப்பகுதியையும் மூன்று வகுப்புகளில் ஒன்றில் சேர்க்க வேண்டும். முதல் வகுப்பு என்றால் இயற்கை நிலை பெரிதாக மாறாமல் இருக்க வேண்டும், மூன்றாவது என்றால் நிறையப் பயன்படுத்தலாம். வகுப்பு அரசிதழில் வந்துவிட்டால் அதிகாரிகள் அதை மீறி முடிவெடுக்க முடியாது. ஓட்டத்தைத் தடுப்பது, திருப்புவது, ஆற்றுப் படுகையையோ கரையையோ மாற்றுவது, கழிவு விடுவது எல்லாமே இச்சட்டத்தில் அனுமதி தேவைப்படும் செயல்கள்.

அப்படியானால் அணை எப்படி வரும்?

அந்தச் சட்டமே உரிய ஆய்வும் உரிமமும் இருந்தால் அணையையும் அனுமதிக்கிறது. அதுதான் உண்மை. திட்டத்தின் பெயர் ஸ்மித்ஃபீல்டு அணை. ஏறத்தாழ 81 மீட்டர் உயரம். அங்கிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் மலையைக் குடைந்து சுரங்கம் போட்டு, உம்கேனி நீர்த்தொகுப்பை நம்பியிருக்கும் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிற்கும் தண்ணீர் கொண்டுபோவது திட்டம்.

தண்ணீர் தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் நம் சொந்தக்காரர்கள் மாதக்கணக்கில் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்கு நின்றார்கள். ஆனால் டர்பன் நகரக் குழாய்களில் போகும் நீரில் பாதிக்கும் மேல் கசிவிலும் கள்ள இணைப்பிலும் கணக்கில்லாமல் போகிறது. ஓட்டைக் குடத்தை அடைக்காமல் இன்னொரு கிணறு தோண்டுவது சரியில்லை என்பது என் கருத்து.

அணை வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உயிரை மட்டும் சொல்கிறேன். நீளத்துடுப்பு விலாங்கு இந்தியப் பெருங்கடலில் பிறக்கிறது. கண்ணாடி மாதிரி இருக்கும் குஞ்சுகள் முகத்துவாரத்தில் நுழைந்து எதிர்நீச்சல் போட்டு மலைவரை ஏறுகின்றன. பல வருடம் ஆற்றில் வளர்ந்து, முட்டையிட மறுபடியும் கடலுக்கே போகின்றன. 81 மீட்டர் சுவரை அவை எப்படித் தாண்டும்? மணலும் அப்படித்தான். அணைக்குப் பின்னால் படிந்துவிட்டால் கடற்கரைக்கு வராது. ஒருவேளை அணை வந்தே தீரும் என்றால், எந்த மாதம் எவ்வளவு நீர் விட வேண்டும், வெள்ளக் காலத்து ஓட்டம் போல எப்போது திறக்க வேண்டும் என்பதெல்லாம் உரிமத்திலேயே எண்ணாக எழுதப்பட வேண்டும். நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.

உலகத்தில் எங்காவது சட்டத்தால் அணை நின்றிருக்கிறதா?

நின்றிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் ஃபிராங்ளின் ஆறு. 1982-இல் அந்தப் பகுதி உலக மரபுச் செல்வமானது. மாநில அரசு அப்படியும் அணை வேலையை விடவில்லை. 1983 ஜூலை 1-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் மத்திய அரசு தடுத்தது செல்லும் என்றது, அணை நின்றது. காடு மட்டும் காரணமில்லை. பனியுகத்தில் பழங்குடி மக்கள் வாழ்ந்த குதிக்கினா குகை அந்த ஆற்றங்கரையில் கிடைத்திருந்தது.

நியூசிலாந்தில் ஆற்றை ஒரு மனிதராகவே ஆக்கிவிட்டார்களாமே?

வாங்கனூய் ஆற்றுக்கு 2017-இல் சட்டப்படி ஆள் தகுதி கொடுத்தார்கள். மாவோரி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போராடி வாங்கியது. அதே வருடம் மார்ச்சில் இந்தியாவின் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கைக்கும் யமுனைக்கும் அதைச் சொன்னது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் அப்படி இல்லை. கையில் இருக்கும் சட்டங்களை முதலில் பிடிப்போம் என்பேன்.

சாமி, பூஜை, முன்னோர் என்று சொன்னால் நீதிமன்றம் காதில் வாங்குமா?

வாங்கும். வாங்கியிருக்கிறது. ஈஸ்டர்ன் கேப் கடற்கரையில் ஷெல் நிறுவனம் எண்ணெய் தேடக் கடலடியில் ஒலியலை விட வந்தபோது ஊர் மக்கள் வழக்குப் போட்டார்கள். எங்கள் முன்னோர்கள் இந்தக் கடலில் இருக்கிறார்கள், அவர்களைக் குலைக்காதீர்கள் என்றார்கள். மக்காண்டா உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் இடைக்காலத் தடை போட்டது. 2022 செப்டம்பரில் அந்த உரிமத்தையே செல்லாது என்றது. மக்களிடம் ஒழுங்காகக் கலந்து பேசவில்லை என்பதும், கடலோடு அவர்களுக்கு இருந்த ஆன்மிக உறவைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதும் காரணங்களில் சேர்ந்தன. 2024-இல் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் உரிமம் கொடுத்த விதம் தவறு என்பதை உறுதி செய்தது. ஆனாலும் உரிமத்தைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்துக்கு வழி விட்டு வைத்தது.

எழுத்துச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. 1999-இன் தேசிய மரபுவளச் சட்டம் நாட்டின் சொத்தாக எண்ணுபவற்றில் வாய்மொழி வழக்காறு சேர்ந்த இடங்களும் வாழும் மரபு சார்ந்த இடங்களும் உண்டு. சடங்கு, வாய்மொழி வரலாறு, மக்கள் நினைவு எல்லாமே வாழும் மரபு என்று அதிலேயே விளக்கியிருக்கிறார்கள். கட்டடம் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. வருடா வருடம் கரகம் எடுக்கும் ஒரு படித்துறையும், ஒரு கல்லும் போதும்.

பழைய தோட்டத்து லயன்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில், முறையான இடுகாட்டுக்கு வெளியே, 60 வருடத்துக்கு மேற்பட்ட கல்லறை இருந்தால் அதைத் தொட அனுமதி வாங்க வேண்டும். அதோடு 5,000 சதுர மீட்டருக்கு மேல் நிலத்தின் தன்மையை மாற்றும் வேலை, 300 மீட்டருக்கு மேல் நீளும் சாலை, குழாய் எதுவானாலும் மரபு அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். நம் மாகாணத்தில் அது அமாஃபா.

இரவில் லாரி வைத்து மணல் அள்ளுகிறார்களே?

ஆற்றிலிருந்து 10 கன மீட்டருக்கு மேல் மணலோ மண்ணோ எடுக்கவே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். விற்பதற்கு எடுத்தால் சுரங்க அனுமதியும் வேண்டும். சிறிய அளவில் எடுப்பவருக்கு 5 எக்டேர் வரைதான் கொடுப்பார்கள். அனுமதி இல்லாமல் அள்ளுவது குற்றம். பச்சைத் தேள்கள் என்று மக்கள் சொல்லும் சுற்றுச்சூழல் ஆய்வாளர்களிடமும் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். நீர் விஷயத்தைப் பார்க்கிறவர்கள் நீலத் தேள்கள். லாரியை நீங்கள் போய் மறிக்காதீர்கள், தம்பிகளை அனுப்பவும் வேண்டாம். தேதி, நேரம், தூரத்திலிருந்து ஒரு படம், அது போதும்.

கரை தனியார் நிலமாகிவிட்டது. பூஜைக்குப் போகலாமா?

நீர் யாருக்கும் சொந்தமில்லை, நிலம் சொந்தமானது. ஆகவே அந்த நிலத்தின் வழியாகப் போக அனுமதி வேண்டும், எழுத்தில் வாங்கி வையுங்கள். முகத்துவாரம் வேறு கதை. 2008-இன் கடலோர மேலாண்மைச் சட்டப்படி அது பொதுச் சொத்து, அங்கே போக எல்லோருக்கும் உரிமை உண்டு.

நாம் போடும் பூஜைப் பொருளே ஆற்றைக் கெடுக்கிறதே?

கெடுக்கிறது. இதைச் சொல்லாமல் மற்றதைப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆற்றில் கழிவு போடுவது யார் போட்டாலும் குற்றம்தான். பாலித்தீன் பை, கற்பூர டப்பா, ஜரிகைச் சேலை, பிளாஸ்டர் சிலை இதெல்லாம் எங்கள் ஆயா காலத்தில் கிடையாது. வாழையிலை, பூ, தேங்காய், மண் அகல், அவ்வளவுதான். ஆற்றின் பண்பாட்டு மதிப்பைக் காக்கச் சொல்லி மனு கொடுத்துவிட்டு மறுநாள் அதே கரையில் நம் குப்பை கிடந்தால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் படம் எடுக்கும். காவடி முடிந்ததும் பெரிய பைகளோடு பத்து இளைஞர்கள் நின்றால் போதும், ஒரு மணி நேரத்து வேலை.

அணை பற்றியோ பாலம் பற்றியோ அறிவிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும்?

முதலில், அறிவிப்பு வந்ததே தெரிய வேண்டும். சில வருடங்களுக்கு முன் நாங்கள் நீராடும் துறைக்கு மேலே ஒரு குழாய் போடும் வேலைக்கு ஆலோசனை நிறுவனம் ஒன்று அறிவிப்புக் கொடுத்தது. பத்திரிகையின் ஒரு மூலையில், பண்டிகை வாரத்தில். எங்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. துறையே போய்விட்டது. இப்போது புல்டோசர் தடம்தான் இருக்கிறது.

அதனால் சொல்கிறேன். 5 மீட்டர் அல்லது அதற்கு மேல் உயரமான அணைக்கு முழு சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு கட்டாயம். அதில் கருத்துச் சொல்ல மக்களுக்குக் குறைந்தது 30 நாள் கொடுக்க வேண்டும். ஆய்வு செய்பவருக்கு எழுதி, அக்கறையுள்ள, பாதிக்கப்படும் தரப்பாகக் கோயிலின் பெயரையும் உங்கள் பெயரையும் பதியச் சொல்லுங்கள். பதிந்தால் ஒவ்வொரு அறிக்கையும் உங்களுக்கு வந்தாக வேண்டும். அனுமதி கொடுத்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு 20 நாள்தான். நீர் உரிமத்தில் இன்னும் கறார்: உரிய காலத்தில் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தவர்தான் பிறகு நீர்த் தீர்ப்பாயத்துக்குப் போக முடியும். கூட்டத்தில் கை தூக்கிப் பேசியது கணக்கில் வராது.

ஆவணம் தர மறுத்தால் 2000-இன் தகவல் பெறும் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். வழக்குச் செலவை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று: பொதுநலனுக்காக நியாயமாக வழக்குப் போட்டவர் தோற்றாலும், எதிர்த்தரப்பின் செலவை அவர் தலையில் கட்டாமல் விட நீதிமன்றத்துக்கு 1998-இன் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டம் இடம் தருகிறது.

ஆயா சொன்ன கதையெல்லாம் சாட்சியாகுமா? எங்களிடம் காகிதம் எதுவும் இல்லையே.

ஆகும், எழுதி வைத்தால். மரபு ஆய்வுக்கு வருகிறவர் ஒரு நாள் வந்து சுற்றிப் பார்ப்பார். கல்வெட்டு இல்லை, கட்டடம் இல்லை, முக்கியத்துவம் குறைவு என்று எழுதிவிட்டுப் போவார். அவருக்கு நாம் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும்.

கோயிலுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எந்தத் துறையில் எந்த மாதம் என்ன சடங்கு, எத்தனை தலைமுறையாக, முதலில் யார் தொடங்கினார், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார்கள் என்று எழுதுங்கள். எண்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் முதலில் போங்கள். அவர்கள் பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள். தமிழில் சொன்னால் தமிழிலேயே, கீழே ஆங்கிலத்தில் ஒரு சுருக்கம். பழைய காவடிப் படங்கள் அலமாரியில் இருக்கும், பின்பக்கம் வருடம் எழுதியிருக்கிறதா பாருங்கள். அக்கரை ஜூலுப் பெரியவர்களிடமும் கேளுங்கள். நம்மவர்கள் வந்து விளக்கு விட்டதை அவர்கள் பார்த்திருப்பார்கள். அவர்கள் வாயால் சொன்னால் அதற்குப் பலம் அதிகம். முடிந்ததும் ஒரு பிரதியை அமாஃபாவுக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

எங்கள் நோட்டில் இதுவரை பதினொரு பேர் சொன்னது இருக்கிறது. பன்னிரண்டாவது ஆள் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பாட்டி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறோம்.